லோகாவின் அலகு

ஜனவரி 20
மாக் மண்டினில் நண்பன் ஹக்கீமின் இரும்புப் பட்டறை. தைப்பூசத்துக்குத் தங்கை மகன் லோகேஸ்வரன் கன்னத்தில் குத்திக்கொள்ளும் அலகை நானே செய்தேன். கடையில் விற்பதெல்லாம் வளையும் தகரம். இது நானூற்று இருபது ரக ஸ்டெயின்லெஸ், அறுவைக் கத்தி செய்கிற சாதி. செஞ்சூடு ஏற்றி எண்ணெயில் முக்கினேன். அரம் வழுக்குகிறது, அவ்வளவு கெட்டி. ஜெர்மன்காரன் பார்த்தால் வேலையை விட்டுவிடுவான். ஆறியதும் டத்தோ கிராமாட்டில் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ரமணி உடனே சாமி மேடையில் வைத்துவிட்டாள்.

லோகா காந்தம் வைத்துப் பார்த்தான். "ஒட்டுது மாமா. ஸ்டெயின்லெஸ்ல ஒட்டாதே, ஏமாத்திட்டானுங்களா?"

"சூடு ஏத்துனா கெட்டியாகுற ரகம் ஒட்டத்தான்டா செய்யும். சட்டிக்கும் கத்திக்கும் வித்தியாசம் தெரியாதா?"

ஜனவரி 23
ஹக்கீம் சும்மா கேட்டான். "முக்குனதும் திரும்ப இளஞ்சூட்டுல வச்சீங்கதானே அண்ணே?"

"எனக்கே சொல்றியா லா" என்றேன்.

வைக்கவில்லை. வைக்கணும்னு யாருக்குத் தெரியும்?

"வைக்கலன்னா கண்ணாடிதான், பொட்டுன்னு போயிடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

ஜனவரி 24
அலகோடு சேர்த்து முக்கிய மிச்சத் துண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். இரண்டாகிவிட்டது.

லோகாவின் வாய்க்குள் இப்படி ஆனால் — ஐயோ.

ஜனவரி 26
அலகைத் திரும்ப வாங்கப் போனேன். "சாமிக்கு வச்சத வெளிய கொண்டுபோகக் கூடாதுண்ணே" என்றாள் ரமணி. விரதத்தில் இளைத்துப் போன லோகா, "கூட்டாளிங்க எல்லார்கிட்டயும் மாமா செஞ்சதுன்னு சொல்லிட்டேன்" என்கிறான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யானையக் கட்டித் தூக்கலாம், அவ்வளவு கெட்டி" என்று வந்தது.

என்ன ஜென்மம் நான்?

ஜனவரி 28
சோறு இறங்கவில்லை. காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டேன், என் பாணியில். முருகன் கனவில் வந்தார், வேல் குளிருது, வீட்டுக்குள்ளேயே சூடு காட்டு என்றார். ரமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் அலகில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினேன். விரிசல் இருந்தால் தூளில் கோடு ஊறும்.

"மண்ணெண்ணெயுமா சொன்னாரு?" என்றாள் ரமணி.

"எல்லாம் சொன்னாரு."

கோடு இல்லை. ஹக்கீம் சொன்ன இளஞ்சூடு, அவளுடைய கேக் ஓவனில் இருநூறு டிகிரி, இரண்டு மணி நேரம். உடைந்த துண்டும் கூடவே. ரமணி ஓவனுக்குக் கற்பூரம் காட்டினாள்.

ஆறிய பிறகு பின்பக்கம் போய்த் துண்டைத் தரையில் போட்டேன். டிங். சுத்தியலாலும் தட்டினேன். உடையவில்லை. இருந்தாலும் இன்னும் நாலு தட்டு தட்டினேன். கன்னம் அவனுடையது.

பிப்ரவரி 1
தைப்பூசம். தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் லோகாவின் கன்னத்தைப் பார்த்தே நடந்தேன். முருகனைப் பார்த்த ஞாபகம் இல்லை. கழற்றும்போது முழுசாக வந்தது. கையில் வாங்கி நுனியிலிருந்து நுனி வரை தடவினேன். பிறகுதான் மூச்சு வந்தது.

பிப்ரவரி 9
ரமணி என் கனவைத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் பக்கத்து வீட்டுத் துளசி, தன் தம்பி பங்குனி உத்திரத்துக்குக் குத்தப்போகும் அலகைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஓவன் சூடாகிக்கொண்டிருக்கிறது.

லோகாவிடம் காந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். ஒட்டவில்லை. சட்டி ரகம், சூடே வேண்டாம்.

"இதுக்குக் குளிராதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.