களை என்று பிடுங்கிய கடற்புல்

கற்பிட்டி,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பூனாகலையில் மழை விட்டதா? நான் நலம். மூன்று வேளையும் மீன்தான்.

இங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடலுக்கடியில் அழிந்துபோன புல்லைத் திரும்ப நடுகிறோம். போன மாதம் ஒரு கூத்து நடந்தது. நீளப் புல்லுக்கு நடுவே குட்டி இலையோடு ஏதோ படர்ந்திருந்தது. உங்கள் மகளுக்குக் கை சும்மா இருக்குமா? தேயிலைக்குள் களை எடுப்பதுபோல ஒரு கூடை பிடுங்கிவிட்டேன். எங்கள் பொறுப்பாளர் நஸ்ரின் மிஸ் தலையில் கை வைத்துவிட்டார்.

"தங்கச்சி, கடற்பசு தேடி வந்து தின்னுற புல்லே இதுதான்."

அன்றைக்கே அத்தனையையும் திரும்ப நட்டேன். நேற்று பார்த்தால் பாதிக்கு மேல் வேர் பிடித்திருக்கிறது. நடுவில் மட்டும் புல் இல்லாமல் மணலில் ஒரு நீளத் தடம். கடற்பசு மேய்ந்துபோன வழியாம். அது பிடுங்கியதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் சிரித்தோம்.

அண்ணன் வரும்போது, கொழுந்து பறிக்க நீங்கள் இடுப்பில் கட்டும் பழைய படங்கு ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். தண்ணீரில் இறங்கும்போது கட்டிக்கொள்ளத்தான். படகுக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். தேயிலைக் கறை அப்படியே இருக்கட்டும், படங்கைத் துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்
சுதர்சினி