டாக்குரியா பாலத்தில் நான் சொன்ன எண்

இன்று காலை பாலிகஞ்சில், ஷ்யாமல்தாவின் பட்டறையில், உங்கள் காரின் கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்தார்கள். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கறுப்பாகக் கொட்டியது. தீய்ந்த அப்பள வாசனை. காரை வாங்க வந்த மனிதர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பழகிய வாசனைதான். கடைசி இரண்டு வருஷம் நம் வீட்டு வாசலில் அதுதான் அடித்தது. நீங்கள் கீழ் வீட்டுச் சமையலறையைச் சந்தேகப்பட்டீர்கள்.

"பௌதி, தாதா எப்பவும் சொல்லுவாரே, இந்த ரெண்டு வருஷமா எண்ணெய்ச் சூடு நூறைத் தாண்டினதே இல்லைன்னு. நிஜமாவே தாண்டலையா?" என்று ஷ்யாமல்தா வங்காள மொழியில் கேட்டார். பௌதி என்றால் அண்ணி, நான்; தாதா என்றால் அண்ணன், நீங்கள்.

"தாண்டினதே இல்லை" என்றேன். நான்தானே படித்துச் சொன்னவள்?

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், அல்லது சென்னையில் ஃபிளாட் வாங்குவார்கள். நீங்கள் சிவப்பு நிறத்தில் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வந்தீர்கள். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகரும் ஊரில் இருநூற்றைம்பது போகும் கார். நம் கல்யாண நாளன்று லேக் மார்க்கெட் ஓட்டலில் இரண்டு ஸ்பூனை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினீர்கள். "இதுல ரெண்டு கிளட்ச்டீ. இந்த ஸ்பூன் ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு. அந்த ஸ்பூன் ரெண்டு, நாலு, ஆறு. இது வேலை செய்யறச்சே அது ரெடியா நிக்கும். புரியறதா?" புரிந்தது. நம் வீட்டில் இரண்டு ஸ்பூன் வேலையையும் ஒருத்தியே செய்துகொண்டிருந்தாள். அதைச் சொல்வதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

அந்தக் கிளட்சுகளுக்கு ஒரே எதிரி சூடு. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் தட்டுகள் உரசும், எண்ணெய் கொதிக்கும். அதனால் முன்னால் இருக்கிற வண்டி இரண்டு வண்டி நீளம் போன பிறகுதான் நீங்கள் நகர்வீர்கள். பின்னால் ஆட்டோக்காரன் "தாதா, தூங்கறீங்களா?" என்று கத்துவான். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு வண்டியைத் தாங்கி நிறுத்துகிறவனைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. "பிரேக் எதுக்கு இருக்கு? முட்டாள்" என்பீர்கள். வசந்தத்தில் இலவம்பஞ்சு பறந்து வந்து முன்பக்கத்தில் எண்ணெயை ஆறவைக்கும் ஆயில் கூலரில் அடைத்துக்கொள்ளும். மண்டியிட்டு உட்கார்ந்து டூத்பிரஷ்ஷால் அதை எடுப்பீர்கள். டூத்பிரஷ் என்னுடையது. பழையதுகூட இல்லை.

காரின் எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருப்பவன் மடையன் என்பது உங்கள் கட்சி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகினீர்கள். அது கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டை ஃபோனில் காட்டும். ஆனால் கிட்டப் பார்வை போய்விட்ட உங்களுக்கு அந்த எண் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொள்ள வீம்பு. ஆகவே ஃபோன் என் மடிக்கு வந்தது. எங்கே போனாலும் நிமிஷத்துக்கு ஒருதரம் "எவ்ளோ?" என்பீர்கள். நான் படிக்க வேண்டும். நூற்றுப் பத்து வந்தால் ஓரமாக நிறுத்தி, எண்ணெய் கூலர் வழியாகச் சுற்ற வேண்டும் என்று எஞ்சினை அணைக்காமல், தொண்ணூற்றைந்துக்கு இறங்கும்வரை காத்திருப்பீர்கள். அதுவரை நான் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று நர்சிங் ஹோமிலிருந்து அண்ணா கூப்பிட்ட அன்று, டாக்குரியா பாலத்தின் மேல் நூற்றுப் பதினொன்று காட்டியது. படித்துத் தொலைத்தேன். நிறுத்தினீர்கள். "ஏன்னா, போயிடலாம்னா" என்றேன். "ஒரு பத்து நிமிஷம். அம்மா எங்க போகப்போறா?" என்றீர்கள்.

அம்மா போய்விட்டாள். நாம் படி ஏறும்போது அண்ணா வெளியே நின்றிருந்தான். "இப்பதான்" என்றான். பாலத்திலேயே நான் இறங்கி ஓடியிருக்கலாம், ஆட்டோ பிடித்திருக்கலாம். உங்களுக்குக் கீழ்ப்படிந்தே மரத்துப்போன கால்கள், எழவில்லை. அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை. உங்களை மன்னிக்கிற எண்ணமே எனக்கு வரவில்லை.

பதிமூன்றாம் நாள் முடிந்து முதல்முறை காரில் போனபோது நெரிசலில் மாட்டினோம். "எவ்ளோ?" என்றீர்கள். நூற்றுப் பதினெட்டு. "தொண்ணூத்தேழு" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. பொம்மனாட்டிகள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்று கேலி செய்வீர்களே, அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு நாளும் உண்மையான எண்ணை உங்களுக்குச் சொல்லவில்லை. எண் குறைவாக இருக்கவே உங்களுக்கும் துளிர் விட்டுப்போயிற்று. இடைவெளி விட்டு நகர்வதை விட்டீர்கள், எல்லோரையும் போல ஊர்ந்தீர்கள். கார் புறப்படும்போது நடுங்க ஆரம்பித்தது. எண்ணெயையும் ஃபில்டரையும் கெடுவுக்கு முன்பே மாற்றினீர்கள். கூலரைக் கழற்றிக் கழுவினீர்கள். அந்தக் கருவியில்தான் கோளாறோ என்று ஷ்யாமல்தா ஒருநாள் சொன்னபோது, "கருவி பொய் சொன்னாலும் சொல்லும், இவ சொல்லமாட்டா" என்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் இல்லை. சிரிப்பு வந்தது. ராத்தூக்கம் இல்லாமல் நீங்கள் காரின் கையேட்டைப் புரட்டுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நீங்கள் இல்லை என்பதற்காக, நல்ல பேர் வாங்க இதை மாற்றி எழுதப் போவதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றேன். "டாக்ஸிக்காரன் ஓட்டற ஓட்டத்துல வழியிலயே போயிடுவேன். நானே ஓட்டறேன்" என்றீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருப்பேன் என்று ஸ்டியரிங்கைத் தொடவே விட்டதில்லை நீங்கள்.

அதே பாலம், அதே நர்சிங் ஹோம். முன்னால் ஏதோ ஊர்வலம். மேட்டில் வண்டிகள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. சட்டை முழுக்க வேர்வை, உதடு வெளுத்துவிட்டது, அப்போதும் "எவ்ளோ?" என்று கேட்டீர்கள். பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நிலையிலும் நிறுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும். "தொண்ணூத்தி நாலு. போங்கோன்னா, போங்கோ" என்றேன். இரண்டு வருஷத்தில் அன்று ஒருநாள்தான் உங்களுக்காகப் பொய் சொன்னேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. கார் பின்னால் உருள, நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். இரண்டு வருஷம் தீய்ந்த தட்டுகள் அந்த மேட்டில் கைவிட்டுவிட்டன. பின்னால் ஹாரன்கள். நீங்கள் நெஞ்சைப் பிடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "தொண்ணூத்தி நாலுல எப்படி நிக்கும்? சரியா பாத்தியாடீ?" என்றீர்கள். அதுதான் கடைசி. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் உங்களைத் தூக்கி டாக்ஸியில் போட்டார்கள். டாக்டர் "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்றார். எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

காரை விற்றாயிற்று. புதுக் கிளட்ச் போட்டுக்கொள்வார்களாம். அந்தக் கருவியை மட்டும் நானே குனிந்து பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வரும்போது பஸ் பாலத்தில் நின்றது. மடி காலியாக இருந்தது, இருந்தும் குனிந்து பார்த்தேன். அம்மாவுக்காக உங்களைத் தண்டித்தது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இனி உங்களால் எங்கும் நிறுத்த முடியாது, சொல்லலாம்.

சரியாகத்தான் பார்த்தேன். நூற்று நாற்பத்தொன்று.