கத்திரி வெயிலில் ஆபீஸ் உடுப்பு

வரிச்சிக்குடி,
17 மே, ஞாயிறு.

அன்பு மகள் பிரதீபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எட்டு நாளாக ‘நல்லா இருக்கேன்மா’ என்று செல்லில் ஒரே வரிதான் வருகிறது. கூப்பிட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் துணிப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன், பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

அப்பாவுக்குப் பருத்தி வயலே கதி. பூவும் காயுமாக நிற்கிறது, ஒரு மழை வந்தால் போச்சு என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடல் காற்று நாலு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது, பகலில் கரண்ட் வேறு இரண்டு தடவை போகிறது. நீ இருக்கிற நாக்பூரில் நாற்பத்தைந்து டிகிரி என்று டிவியில் சொன்னதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன், பால் பொங்கி வழிகிறது.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். மெட்ரோவிலிருந்து இறங்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும், வெளியாட்கள் வருகிற நாளில் கோட்டுப் போட்டே ஆகவேண்டும் என்று ஆபீஸில் சொல்வதாகவும் சொன்னாய். அதற்கு நான், ‘வேலைன்னா அப்படித்தான், நானுந்தான் பாலிஸ்டர் சேலையைக் கட்டிக்கிட்டுப் போறேன், கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்றேன். நீ ‘சரிம்மா’ என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடந்ததைக் கேள்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில் இப்போது அட்மிஷன் நேரம். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பாலிஸ்டர் சேலை, அதன்மேல் இந்த வருஷம் புதிதாக ஒரு கோட்டு. செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. பக்கத்து நாற்காலி ஆஸியா பீவி யாருக்கோ ஃபாரம் கொடுத்துக்கொண்டே சாய்ந்துவிட்டாள். கோட்டைக் கழற்றினால் ரவிக்கையைப் பிழியலாம் போல இருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, ஃபைலால் விசிறி உட்கார வைத்தேன். மேனேஜர் இளையபெருமாள் வந்து, ‘காலையில சாப்பிடாம வர்றீங்களா’ என்று அவளைத்தான் கேட்டார்.

மறுநாள் நான் கோட்டுப் போடாமல், அதே நீலத்தில் இருந்த கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே பார்த்துவிட்டார். ‘என்னங்க, மார்க்கெட்டுக்கா கெளம்புனீங்க, போய் மாத்திட்டு வாங்க’ என்றார். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, மாற்றிக்கொண்டு, பன்னிரண்டு மணி வெயிலில் மறுபடி ஸ்டாப்பில் நின்றேன். சேலை காலோடு ஒட்டிக்கொண்டது, காது அடைத்தது. பஸ் வருவது தெரிகிறது, கையைத் தூக்க முடியவில்லை, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த அப்பா பார்த்துவிட்டு ஓடிவந்தார். ‘வயக்காட்டுல வேலை செய்றவனே பதினோரு மணிக்குக் கரையேறிடுறான், ஒனக்கென்ன’ என்று சத்தம் போட்டார். எனக்கு அப்போது உன் நினைப்புதான். என்னைத் தூக்கிவிட ஒரு ஆள் ஓடிவந்தார், உன்னைத் தூக்க அந்தப் படிக்கட்டில் யார் இருந்தார்கள்? அம்மாவிடம் சொன்னாய், நான் அனுசரித்துப் போகச் சொன்னேன். தப்புதான் பிரதீபா. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்றைக்கு நான் வேலைக்குத் திரும்பவில்லை. வியாழக்கிழமை ஆஸியாவும் நானும் பேசி வைத்துக்கொண்டு பருத்திச் சேலையில் போனோம். ‘சார், போகச் சொன்னா போறேன், ஆனா மாத்திக்கிட்டுத் திரும்பி வரமாட்டேன்’ என்றேன், குரல் நடுங்கியது. ஆஸியா ‘நானுந்தான் சார்’ என்றாள். வெளியே பெற்றோர் வரிசை நின்றது, ஃபாரம் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் உள்ளே பிரின்சிபாலிடம் போய் வந்து, ‘ஸ்கூல் தொறக்குற வரைக்குந்தான், கலர் மாறக்கூடாது’ என்றார். அவ்வளவுதான். ஜூனில் என்ன சொல்வார்களோ, அதுவும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பார்சலில் மூன்று பருத்தி டாப் இருக்கிறது, கோட்டுச்சேரித் தையல்காரி சித்திக்கா உன் பழைய சுடிதார் அளவுக்குத் தைத்தாள். லைனிங் இல்லாமல் போதும் என்றேன், ‘ஆபீஸுக்குப் போற புள்ளைக்கு அது ஆகாதுக்கா’ என்று மெல்லிசான மல் துணியிலேயே லைனிங் வைத்தாள். முதல் தடவை தனியாக அலசு, சாயம் போகும். கோட்டுப் போட்டே ஆகவேண்டும் என்றால் கையில் எடுத்துப்போய் ஆபீஸுக்குள் மாட்டிக்கொள். பையில் மோரோ எலுமிச்சைத் தண்ணீரோ இருக்கட்டும், உப்புப் போட மறக்காதே. உன் மேலதிகாரியிடம் ஒரு தடவை சொல்லிப் பார். பயமாக இருந்தால் பயந்துகொண்டே சொல், நானும் அப்படித்தான் சொன்னேன்.

தீர்க்காயுசாக, உடம்பில் தெம்போடு இருக்க அப்பாவும் நானும் உன்னை ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இனி மயக்கம் வந்தால் மயக்கம் வந்தது என்றே சொல். நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

உன் அம்மா,
சி. அன்னபூரணி