ஆற்றுக்கல் வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள்

நவம்பர் 4, செவ்வாய்
பிரிக்பீல்ட்ஸ். காலையிலிருந்தே மழை. பிரஷர் மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

ரவாங்கிலிருந்து பிலோமினா அக்கா போன். ஆற்றுக்கல் வீட்டில் தனியாக இருப்பவர். காலி செய்யச் சொல்லிக் கம்பெனிக் கடிதமாம். அது ஈயச் சுரங்கத் துரையின் பங்களாவாம். சுரங்க நிலத்தை வாங்கியதால் வீடும் அவர்களுடையதாம். ஆதாரம்: முன்பு நான் பத்திரிகையில் எழுதிய கட்டுரை. "துரை கட்டிய கல் வீடு." தலைப்பும் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை நில அலுவலகத்தில் விசாரணை.

அந்தத் தகவலைத் தந்தது யார்? பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். சுரங்கத்தில் கிளார்க்காக இருந்த ஒருவர். அவர் மட்டும். நான்கு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 5, புதன்
கொமுட்டர் ரயிலில் ரவாங். இருபது நிமிடத் தாமதம். கூடவே செல்வம், கிள்ளான்காரர், கோயில் மதில்களைப் பழுதுபார்க்கும் கொத்தனார்.

கேட்டைத் திறந்ததும் அக்கா: "கட்டுரைக்கு வந்த அன்னிக்கு இங்கதான் குடையப் புடிச்சிக்கிட்டு போட்டோ எடுத்தீங்க. உள்ள வருவீங்கன்னு தேத்தண்ணி போட்டேன். வந்து பாத்தா ஆளைக் காணோம்."

ரயிலுக்கு ஓடியது நினைவிருக்கிறது. கதவைத் தட்டவில்லை.

செல்வம் புகைக்க கேட்டிலேயே நின்றுவிட்டார். உள்ளே அக்கா சொன்னது: கட்டியவர் தன் மாமனார் அந்தோணி. ஆறு நாள் ரயில்வேயில் தண்டவாள வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆற்றில் கல் பொறுக்கி வந்து, இருட்டும் வரை சுவர்.

"ஞாயித்துக்கெழம வேலை செஞ்சா பாவம்ல? அதையும் வாராவாரம் பாவசங்கீர்த்தனத்துல சொல்லுவாராம். ஒரு நாள் ஃபாதரே கேட்டுட்டாராம், 'அந்தோணி, இந்தப் பாவத்துக்கு எப்பத்தான் கூரை போடுவ?'ன்னு."

சிரித்தேன். எழுதிக்கொண்டேன். ஆனால் இதுவும் ஒருவர் சொன்னதுதான். காகிதம் ஏதுமில்லை.

பின்சுவர். பூச்சு உதிர்ந்த இடத்தில் செல்வம் டார்ச் அடித்தார். "அண்ணே, பாருங்க. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு." சுண்ணாம்புக் கலவையில் படுக்கையாகக் கறுப்புக் கோடு. "மறுநாளே மேல வச்சிருந்தா இப்படி இருக்காது. ஒரு வாரமாவது காஞ்சு, அழுக்கேறி, அப்புறம் வச்சது. உச்சி வரைக்கும் அப்படித்தான். துரை வீடுன்னா பத்து பேர விட்டு மளமளன்னு ஏத்திருப்பான்லா."

ஞாயிறு கதை அவர் காதில் விழுந்ததா? "என்ன கதை?" என்றார். இருமுறை கேட்டேன்.

நவம்பர் 6, வியாழன்
மாத்திரை வாங்கியாயிற்று. பழைய பத்திரிகை ஆசிரியருக்குப் போன். "விடுங்கலா, அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? இத்தன வருஷப் பேரைக் கெடுத்துக்காதீங்க."

கம்பெனி ஞாபகம் வைத்திருக்கிறதே.

வாக்குமூலம் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அவற்றில் சாக்குகள்தான் அதிகம். கடைசியில் இரண்டு வரி.

நவம்பர் 7, வெள்ளி
நில அலுவலகம். ஏர்கான் குளிர். கம்பெனி வக்கீல் என் கட்டுரையை மலாய் மொழியில் வாசித்தார். மொழிபெயர்ப்பில் பிழையில்லை.

அதிகாரி: அன்று வீட்டுக்குள் போனீர்களா?

இல்லை. "சாயா சிலாப், துவான்." தவறு என்னுடையது. சொல்லி முடித்த பிறகும் உட்காராமல் நின்றிருந்தேன். அக்காதான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

முடிவு இல்லை. கோடுகளைப் பற்றிக் கேட்ட அதிகாரி புதன்கிழமை சுவரை நேரில் பார்ப்பாராம். அதுவரை வீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது.

நவம்பர் 12, புதன்
வெயில். பத்து மணிக்கு அதிகாரி, வக்கீல். எல்லாருக்கும் தேத்தண்ணி. எனக்கு முதலில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை அக்கா நகரவில்லை.

செல்வம் இடத்தைக் காட்டினார். அதிகாரி சட்டைக் கையை மடித்து, கோட்டில் விரல் வைத்தார். கோடுகளை மலாய் மொழியில் எண்ணினார்: சத்து, டுவா, தீகா... ஆறில் எண்ணிக்கை தவறியது. குனிந்து, மறுபடி அடியிலிருந்து எண்ணத் தொடங்கினார்.