வளைவில் உரிந்த உறை

ஏங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. சாவி செருப்பு அலமாரிக்குப் பின்னால். கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கூடத்துத் தரைக்குக் கான்கிரீட் போட உங்கள் கொத்தனார் தம்பி இன்று வருவார். போடக் கூடாது. தரைக்கு அடியில் போகிற கேஸ் குழாயை அவர் வளைத்தபோது மேலே இருந்த பிளாஸ்டிக் உறை உரிந்துவிட்டது. "ஒரு விரல் அகலம்தானே அண்ணி, சிமெண்டு மூடிக்கும்" என்கிறார். நீங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினீர்கள். சிமெண்டு மூடும், சரி. மூடிய பிறகு உள்ளே ஈரம் குழாயை அரிப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? அதற்கு மேலேதான் நம் பாப்பா படுத்துத் தூங்குவாள்.

"கொத்தனாருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்களே. குழாயைத் தடவிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

உறை உரிந்த இடத்தில் சுற்றுகிற டேப் வாங்கப் போகிறேன். நானே சுற்றுவேன். அதுவரை ஒரு கரண்டி கலவைகூட விழக் கூடாது.

பி.கு.: கூடத்தைப் பூட்டவில்லை. சாயங்கால விருந்துக்குத் தேய்த்து வைத்த நீலச் சட்டையைத் தேடாதீர்கள். அந்த வளைவில் சுற்றி வைத்திருக்கிறேன். கொட்டுவதானால் அதோடு சேர்த்தே கொட்டச் சொல்லுங்கள்.