சலவைக் கடையில் ஒரு கங்காரு

அன்புள்ள வெர்னா,

உன் முழங்கால் வலி தேவலையா? என் தொப்பை சௌக்கியம்.

இங்கே வடக்கு டகோட்டாவில், காற்றாலை வேலைக்கு நடுவே நான் துணி துவைக்கப் போகும் கடையில், காசு போட்டு ஆடும் பழைய கங்காரு வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்று நிற்கிறது. நம் கார் கொட்டகையை அடைத்துக்கொண்டிருக்கும் ஏழு பெட்டிகளுக்கும் அக்காக்காரி. அதில் முதலிடம் பிடிப்பவர் மூன்று எழுத்தில் பெயர் பதிக்கலாம். முந்தாநாள் எப்படியோ பிடித்துவிட்டேன். உன் பெயரைப் பதித்தேன்.

"சும்மாவே தூக்கிட்டுப் போப்பா, இடமாவது மிஞ்சும்," என்றாள் கடைக்காரி மார்லீஸ்.

"வேணாம்மா, இங்கயே இருக்கட்டும்."

"பெட்டி சேக்குற பைத்தியம்னு சொன்னாங்களே, தெளிஞ்சிருச்சா?"

பிளக்கைப் பிடுங்கினால் பெயர்ப் பட்டியல் அழிந்துவிடும், வெர்னா. இந்த ஊரில் உன் பெயர் வேறெங்கும் எழுதியில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. கூடவே உன் பழைய சால்வையையும் வை. துவைக்காமலே வை.

காற்றாலை வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் டுவேன்