இரண்டு ஈக்களும் பிழைத்த பாட்டில்கள்

இன்று காலை, வாழைப்பழமும் வெல்லமும் பார்லியும் கொதிக்கிற பாத்திரத்தில் ஈஸ்ட்டைக் கொட்டியதும் அந்தப் புளித்த வாசனை குப்பென்று எழுந்தது. கள்ளுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் நடுவில் ஒரு வாசனை என்று நீ சொல்வாய். புதிதாகச் சேர்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்ளோ யாருக்குக்கா?" என்றாள். "ஈக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. முதல் நாள் நாமும்தான் நம்பவில்லை.

ஸ்ரீராம்புரத்திலிருந்து நீயும் மர்பி டவுனிலிருந்து நானும் ஒரே வாரத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்தோம். ஆராய்ச்சிக்கூடத்துப் பழ ஈக்களுக்குத் தீனி காய்ச்சுவது, பாட்டில் கழுவுவது, பஞ்சால் அடைப்பது. நான் கையிலிருந்த வேலையைப் பார்த்தேன். நீ பாட்டிலுக்குள் பார்த்தாய்.

ஒருநாள் ஆராய்ச்சி மாணவி சில பாட்டில்களில் கொஞ்சம் ஈயும் சிலவற்றில் நிறைய ஈயும் விட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தீனி. சில வாரங்களில் எல்லாப் பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே கூட்டம். நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "பாத்தியாடி? எத்தனை பேர் வந்தாங்கன்றது கணக்கே இல்ல. சோறும் இடமும் எவ்ளோவோ, அவ்ளோ பேருதான்!" சாப்பாட்டு நேரம் முழுக்க அதையேதான் பேசினாய்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய சோதனை. மஞ்சள் ஈயையும் கறுப்பு ஈயையும் ஒன்றாக ஒரே பாட்டிலில் வளர்க்க வேண்டும். ஏழு மாதம் போனது. பாட்டில் பாட்டிலாகக் கறுப்பு அழிந்தது, மஞ்சள் மட்டும் நின்றது. இரண்டு பாட்டிலில் மட்டும் இரண்டும் சேர்ந்து உயிரோடு இருந்தன. நடுவில் யாரோ வெளியிலிருந்து கறுப்பு ஈக்களைக் கலந்துவிட்டார்கள் என்று மாணவி கன்னடத்தில் புலம்பினாள். மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றாள். கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நீ மெதுவாகச் சொன்னாய். "அது நான்தான்டி. அன்னைக்கு அந்த ரெண்டுல தீனி தண்ணியா இருந்துச்சு. டிஷ்யூ பேப்பர மடிச்சுச் சொருகினேன். அப்புறம் புதுப் பாட்டிலுக்கு மாத்துறப்பல்லாம் அதுங்களுக்கு மட்டும் வெச்சுக்கிட்டே வந்தேன்."

"வாய மூடிட்டு இரு. யாருக்கும் தெரியாது. சூபர்வைசருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வரவேணாம்னுடுவான்" என்றேன். அந்த யோசனையைச் சொன்னவள் நான் என்பதில் எனக்கு இன்றும் வெட்கம்தான்.

மறுநாள் காலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக மாணவியிடம் போனாய். "மேடம், யாரும் கலக்கல. நான் பேப்பர் வெச்சேன்."

அவள் முகம் சிவந்தது. "ஏன் அக்கா? கேக்காம ஏன்?" என்று கத்தினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த இரண்டு பாட்டிலில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "பேப்பர் வெச்சா கறுப்பு ஏன் பொழைக்குது?" என்றாள், குரல் இறங்கி.

"அவங்கவங்க படுக்கிற இடம் வேற மேடம்" என்றாய் நீ. "மஞ்சக்காரியோட புழு கண்ணாடி மேல ஏறிப்போய் கூடு கட்டுது. கறுத்தவளோடது ஏற மாட்டேங்குது, தீனி மேலயே கட்டுது. கூட்டம் சேர்ந்தா தீனி கூழாயிடுது. அதுல முழுகிச் சாவுது. பேப்பர் இருந்தா அதுல ஒட்டிக்குது. அவளுக்குன்னு ஒரு இடம் கெடைச்சிடுதுல்ல?"

மாணவி துள்ளி எழுந்தாள். அன்றே நாற்பது பாட்டிலை வரிசையாக வைத்தோம். பாதியில் காகிதம், பாதியில் இல்லை. அத்தனை காகிதத்தையும் நீதான் மடித்தாய்.

அந்த மாதங்களில் உனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் பஸ்ஸில் வந்து, பையை வைப்பதற்கு முன்னால் பாட்டில்களிடம் ஓடுவாய். காகிதம் இல்லாத பாட்டில்களில் கறுப்பு குறையக் குறைய, உனக்குச் சந்தோஷப்படுவதா பாவப்படுவதா என்று தெரியவில்லை. கடைசி எண்ணிக்கை அன்று மாணவி தாளை ஆட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடிவந்தாள். "அக்கா! பேப்பர் இருக்கிற எல்லாத்துலயும் ரெண்டும் இருக்கு! எல்லாத்துலயும்!" உன்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். ஈரக் கையோடு நானும் போய்க் கட்டிக்கொண்டேன். சூபர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

கட்டுரை அச்சானபோது கடைசிப் பக்கத்தில் உனக்கு நன்றி என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டி உன் பெயரைப் படித்தாய். "அய்யோ, இனிஷியல தப்பாப் போட்டுட்டாங்கடி!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

போன மழைக்காலத்தில் நான்கே நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இதற்குமேல் வராது. ஆனால் நீ போன பிறகு எனக்கு ஒன்று நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றேன். நீர்க்காகம் ஒன்று முங்கி ஆழத்தில் போய் எழுந்தது. கொக்கு கரையோரச் சேற்றில் அசையாமல் நின்றது. மீன்கொத்தி கம்பியிலிருந்து கல் மாதிரி விழுந்தது. ஒரே ஏரி, ஒரே மீன், ஆளுக்கொரு இடம். இத்தனை வருஷம் அந்த வழியாகப் போகிறேன், இதைப் பார்த்ததே இல்லை. கை தட்டிவிட்டேன்! பக்கத்தில் நின்ற பெரியவர், "ஏன்மா, ஏரில என்ன இருக்கு?" என்றார். "இங்க வாங்க, காட்டறேன்" என்று அவரைக் கம்பிவேலி வரை கூட்டிக்கொண்டு போனேன். என் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. நான் கொக்குவரைதான் சொல்லி முடித்திருந்தேன்.